இருப்பது ஒரே ராத்திரி: இங்கிலாந்தின் பழைய மாளிகை ஓட்டல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் பிரபுக் குடும்பங்கள் வாழ்ந்த பெரிய வீடுகள் பல இன்று ஓட்டல்களாக இருக்கின்றன. அங்கே வாழும் நம்மவர்கள் கல்யாண நாளுக்கோ, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போதோ அவற்றில் ஒரு இரவு தங்கப் போகிறார்கள். வாடகை கொஞ்சநஞ்சமில்லை. அப்படியிருந்தும் பலர் அந்த வீட்டைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எல்லாவற்றுக்கும் முதல் காரணம், இருட்டிய பிறகு போய்ச் சேருவது. பெரும்பாலும் மதியம் 3 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். தூக்கம் போக மிஞ்சுவது பன்னிரண்டு மணி நேரம்தான். அதற்குள் போகிற வழியில் ஆக்ஸ்போர்டையும் வின்சர் கோட்டையையும் சேர்த்துக்கொண்டால், வாசலுக்கு வரும்போது ராத்திரி எட்டாகிவிடும். டிசம்பரில் தென் இங்கிலாந்தில் 4 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. தோட்டம் எங்கே தெரியும்?

தோட்டம் இந்த வீடுகளில் பாதி. சசெக்ஸில் உள்ள கிரேவ்டை மேனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1598-ல் கட்டிய வீடு அது. 1884-ல் வில்லியம் ராபின்சன் அதை வாங்கி, 1935-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். கணக்குப் போட்டு வரிசையாகப் பூச்செடி நடும் அந்தக் காலத்து வழக்கத்தை எதிர்த்து, செடிகளை அவற்றின் போக்கில் வளரவிட வேண்டும் என்று வாதாடியவர் அவர். அதைச் செய்துகாட்டிய இடம் இந்தத் தோட்டம். முட்டை வடிவில் மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டமும் அங்கே உண்டு. இவ்வளவையும் விட்டுவிட்டு அறையில் உட்கார்ந்து டிவி பார்க்கலாமா? அறை தயாராகாவிட்டாலும் மதியம் ஒரு மணிக்கே போய்விடுங்கள். பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டால் போதும்.

அடுத்தது, அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்றே கேட்காமல் வருவது. எய்ல்ஸ்பரி பக்கத்தில் உள்ள ஹார்ட்வெல் ஹவுஸ் 1989-ல் ஓட்டலானது. பிரான்ஸின் பதினெட்டாம் லூயி நாடிழந்து 1809 முதல் 1814 வரை தன் பரிவாரத்தோடு குடியிருந்த வீடு அது. பிரெஞ்சு அரியணையை ஏற்றுக்கொண்டு அவர் கையெழுத்திட்டது அங்கிருக்கும் நூலகத்தில். மாடிப்படியின் கைப்பிடி ஓரம் மரச்சிற்பங்கள் நிற்கும். பின்னாளில் சேர்த்தவற்றில் சர்ச்சிலும் ஒருவர். தெரியாமல் போனால் வெறும் படிக்கட்டு என்று ஏறிப்போய்விடுவோம். போகும் முன் அரை மணி நேரம் வீட்டின் கதையைப் படியுங்கள். வரவேற்பில் கேட்டால் நெடுநாள் வேலை பார்ப்பவர் யாராவது சுற்றிக் காட்டவும் கூடும்.

அறையைப் படம் பார்த்து மட்டும் பதிவு செய்யாதீர்கள். மலிவான அறை பல இடங்களில் மாளிகைக்குள் இருக்காது, பழைய குதிரைலாயத்தைப் புதுப்பித்த கட்டடத்தில் இருக்கும். வசதியில் குறையில்லை, ஆனால் நீங்கள் நினைத்துப் போனது அதுவல்லவே. மாளிகைக்குள் என்றால் வேறு கேள்வி: லிஃப்ட் உண்டா? சட்டப் பாதுகாப்பில் உள்ள கட்டடங்கள் என்பதால் நினைத்தபடி இடித்து மாற்ற முடியாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு போனால் கீழ்த்தளத்தைக் கேட்டு வாங்குங்கள். மரத்தளம் கிரீச்சிடும், ஏசி பெரும்பாலும் இருக்காது. குழந்தைகளுக்கு வயது வரம்பு வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

சாப்பாட்டில் நம்மவர்கள் ரொம்பவே சிரமப்படுகிறார்கள். “வெஜிடேரியன்” என்று சொன்னால் அங்கே முட்டை அதற்குள் அடக்கம். பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது, சில இனிப்புகளில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இரண்டு மூன்று நாள் முன்பே எழுதிவிடுங்கள். இரவு உணவுக்கு மேசையையும் அப்போதே பதிவு செய்யுங்கள். சமையலறை சீக்கிரம் மூடிவிடும், சுற்றுவட்டாரத்தில் வேறு கடையும் இருக்காது. அப்புறம் ஒன்று: சாயங்காலத் தேநீரையும் இரவு விருந்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். தேநீர் என்பது பெயருக்குத்தான். சாண்ட்விச், கிளாட்டட் கிரீம் என்ற கெட்டிப் பாலேடு தடவிய ஸ்கோன் ரொட்டி, கேக் என்று அதுவே முழுச் சாப்பாடு. ஏழு மணிக்குப் பசியே இருக்காது, காசும் வீண்.

உடையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். புடவை எங்கேயும் பொருந்தும். சேற்றில் நடக்க ஒரு ஜோடி ஷூ மட்டும் தனியாக எடுத்துப்போங்கள்.

பதிவு செய்யும்போது அன்றைக்கு அங்கே கல்யாணம் ஏதும் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சனிக்கிழமை இரவு என்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். நள்ளிரவுவரை பாட்டும், கூட்டமும், நமக்குத் திறக்காத கூடங்களுமாகப் போய்விடும். ஞாயிறு இரவு பெரும்பாலும் அமைதி, பல இடங்களில் வாடகையும் குறைவு. ஆனால் ரயிலில் போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலைக்காக ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது அங்கே சகஜம். கிராமத்து நிலையத்தில் இறங்கியதும் டாக்சி நிற்கும் என்று நம்பாதீர்கள். முந்தின நாளே ஓட்டலில் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், திரும்பும் வண்டிக்கும் சேர்த்தே.