சென்ட்ரலில் எங்கே நிற்கிறீர்கள்?

ஈப்போவிலிருந்து வந்த மாமா போன் செய்தார். “சென்ட்ரல்ல இறங்கிட்டேன்மா, நீ எங்க?” நான் கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில், இடிஎஸ் என்ற வெளியூர் விரைவு ரயிலின் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். ரயில் வந்து, கூட்டமும் கலைந்துவிட்டது. மாமாவைக் காணோம். “பக்கத்துல என்ன தெரியுது மாமா?” என்றேன். “பழைய வெள்ளைக் கட்டடம், மேல குடை குடையா கோபுரம்.” சரி, புரிந்துவிட்டது. மனிதர் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிட்டார்.

கோலாலம்பூர் ஸ்டேஷன் வேறு, கேஎல் சென்ட்ரல் வேறு. அந்த வெள்ளைக் கட்டடம் ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, கட்டி முடித்தது 1910-இல். 2001-இல் சென்ட்ரல் திறக்கும்வரை அதுதான் தலைமை ஸ்டேஷன். இடிஎஸ் ரயில்கள் பல அங்கேயும் நின்றுதான் வரும். அறிவிப்பில் ‘கோலாலம்பூர்’ என்று கேட்டதும் வெளியூர்க்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்களும் அப்படி இறங்கிவிட்டால் பதற வேண்டாம். அங்கிருந்தே கம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சென்ட்ரல்தான்.

என் வீடு சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில், கந்தசாமி கோயில் பக்கம். சென்ட்ரல் எழும்பிய இடம் முன்பு ரயில்வே யார்டு. அப்பா அங்கே வேலை செய்தவர். அதனாலோ என்னவோ, தைப்பிங், சுங்கை சிப்புட், கிள்ளான் என்று எங்கிருந்து உறவுக்காரர் வந்தாலும் கூட்டிவரும் வேலை என் தலையில்தான். இருபது வருடமாக இதே டூட்டி.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சென்ட்ரலை ஒரு ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். ஒரே கூரைக்குக் கீழே பல ஸ்டேஷன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிக் கட்டணம். பெரிய கூடத்தில் நின்று பார்த்தால் எல்ஆர்டி என்ற நகர ரயிலுக்கு மேலே ஏற வேண்டும், கம்யூட்டருக்கும் இடிஎஸ்ஸுக்கும் கீழே இறங்க வேண்டும். விமான நிலைய ரயிலுக்கு இன்னொரு வாசல். மோனோரெயில் இந்தக் கட்டடத்திலேயே இல்லை. நு சென்ட்ரல் கடைத்தொகுதிக்குள் நுழைந்து, கடைகளைத் தாண்டி, மறுபக்கம் வெளியே வர வேண்டும். அந்தக் கடைத்தொகுதி 2014-இல் வருவதற்கு முன்னால் வெயிலிலும் மழையிலும் ரோட்டோரமாக நடந்துதான் போனோம். இப்போது ஏர்கான் காற்றில் போகலாம். எம்ஆர்டி என்ற இன்னொரு நகர ரயிலின் ஸ்டேஷனுக்குச் சென்ட்ரல் என்ற பெயரே கிடையாது. ‘முசியும் நெகாரா’ என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு நீளமான நடைபாதையில் போக வேண்டும். மூட்டை முடிச்சோடு, வயதானவர்களோடு என்றால் இந்த இரண்டுக்கும் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

ஆகவே வாசலைத் தேடுவதற்கு முன்னால் போகிற இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். இரட்டைக் கோபுரம் என்றால் எல்ஆர்டி, கோம்பாக் பக்கம் போகிறது. புக்கிட் பிந்தாங் என்றால் மோனோரெயிலும் போகும், எம்ஆர்டியும் போகும். நான் எம்ஆர்டிதான் சொல்வேன். மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கிவிடலாம், பெட்டியும் விசாலம்.

அடுத்தது கார்டு. டச் அண்ட் கோ கார்டு ஒன்று வாங்கிக் காசு போட்டு வைத்துக்கொண்டால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், கம்யூட்டர் எல்லாவற்றிலும் ஏறலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். புருஷன் தட்டிவிட்டு உள்ளே போய், அதே கார்டைப் பெண்டாட்டிக்கு நீட்டுவதைத் தினமும் பார்க்கிறேன். கதவு திறக்காது.

கார்டு இல்லாவிட்டால் எல்ஆர்டிக்கு மெஷினில் நீல நிற டோக்கன் வாங்கலாம். உள்ளே போகும்போது அதைத் தட்டினால் போதும். வெளியே வரும்போது துளைக்குள் போட வேண்டும். என் பெரியம்மா தட்டி முடித்ததும் வேலை தீர்ந்தது என்று டோக்கனைச் சுருக்குப்பைக்குள் போட்டுவிட்டார். மஸ்ஜிட் ஜமேக்கில் இறங்கினால் வாசல் திறக்கவில்லை. பின்னால் நீளமாக வரிசை. வெற்றிலை, பாக்கு, விபூதிப் பொட்டலம், மூன்று சாவி, மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் வாசல் மேலேயே எடுத்து வைத்துத் தேடினோம். கடைசியில் விபூதிக்குள்ளிருந்து கிடைத்தது. ஊதித் துடைத்துப் போட்டதும் கதவு திறந்துகொண்டது. பெரியம்மா அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

பத்துமலைக்குப் போகிறவர்களுக்கு: கம்யூட்டர் வாசல். கீழே இறங்கியதும் வந்து நிற்கிற முதல் ரயிலில் ஏறிவிடாதீர்கள். வடக்கே போகும் ரயில்களில் ஒன்று பத்துமலைக்கு, இன்னொன்று தஞ்சோங் மாலிமுக்கு. புத்ரா ஸ்டேஷன்வரை இரண்டும் ஒரே பாதைதான், அதற்கப்புறம் பிரிந்துவிடும். பலகையில் ‘பத்து கேவ்ஸ்’ என்று பார்த்து ஏறுங்கள். தப்பாக ஏறியது புத்ராவுக்குள் தெரிந்துவிட்டால் அங்கேயே இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம். செகாம்புட் என்று பெயர் வந்துவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். நடுப் பெட்டிகள் பெண்களுக்கு மட்டும், இளஞ்சிவப்பு ஒட்டியிருக்கும். தைப்பூச நேரத்தில் வழக்கமாக ராத்திரியிலும் ரயில் விடுவார்கள். கார் எடுத்துப் போய் நிறுத்த இடம் தேடுவதை விட இதுவே மேல்.

ஈப்போ, பட்டர்வொர்த் போக இடிஎஸ். இதற்குக் கார்டைத் தட்டினால் ஆகாது. இருக்கை எண்ணோடு டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டும். ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியிலேயே எடுக்கலாம். ஐசி (அடையாள அட்டை) எண் கேட்கும், வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் எண். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் விற்பனை திறந்ததுமே எடுத்துவிடுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றிருந்து, ஒரு வருடம் ஈப்போவரை பஸ்ஸில் நெரிசலில் தவம் கிடந்தவள் சொல்கிறேன். பலகையில் ‘பெர்லெபாசான்’ என்றால் புறப்பாடு, ‘கெத்திபாஆன்’ என்றால் வருகை. ரயில் கிளம்புவதற்கு முன்பே வாசலை மூடிவிடுவார்கள். கண் முன்னால் ரயில் நின்றாலும் விடமாட்டார்கள். அரைமணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்துவிடுங்கள். பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து ஃபெரி ஏறலாம்.

விமான நிலையத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33. டிரான்சிட் என்பது நடுவே மூன்று இடத்தில் நின்று போகும். பெரியவர்களுக்கு டிக்கெட் 55 வெள்ளி (ரிங்கிட்). தனியாள், அவசரம் என்றால் கொடுக்கலாம். நாலு பேர் சேர்ந்து போனால் கிராப் வாடகைக் கார்தான் கட்டுப்படியாகும். நேரம் இருந்தால் கீழ்த்தளத்தில் பஸ் இருக்கிறது, காசு மிச்சம்.

யாரையாவது சந்திப்பதாக இருந்தால் ‘சென்ட்ரலில் நிற்கிறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் எல்லாருக்கும் சொல்வது ஒரே இடம்: பெரிய கூடத்திலிருந்து நு சென்ட்ரலுக்குள் நுழைகிற வாசல். யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அங்கே நிற்கும்போது தரையைப் பாருங்கள். மேடு மேடாக மஞ்சள் ஓடு பதித்திருந்தால் அதன் மேல் பெட்டியை வைக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கைத்தடி அந்த ஓட்டைத் தொட்டுத்தான் வழி கண்டுபிடிக்கிறது.

மாமா கடைசியில் கம்யூட்டரில் ஒரு ஸ்டேஷன் வந்து சேர்ந்தார். ஒரு கையில் முறுக்கு டின், இன்னொரு கையில் தம்புன் பம்ளிமாஸ் இரண்டு. “ஏம்மா, ரெண்டு ஸ்டேஷனுக்கும் ஒரே மாதிரி பேரு வச்சா நான் என்ன பண்ணுவேன்?” என்றார். நு சென்ட்ரல் வழியாக வெளியே கூட்டிப்போய், ஜாலான் துன் சம்பந்தனில் வாழை இலை போட்டு உட்கார வைத்தேன். இரண்டாவது தடவை ரசம் வாங்கிக் குடித்த பிறகுதான் கோபம் இறங்கியது.