இருட்டில் எடுத்த முகம்: ஊருக்குக் கமரா கொண்டுபோகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன அடுக்குவது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. ஊரில் எடுக்கப்போகும் படங்களில் பாதிக்கு மேல் நீங்கள் இருட்டில்தான் எடுப்பீர்கள். பகலில் அலுவல், இல்லாவிட்டால் நேரமாற்றத் தூக்கம். எல்லாரும் ஒன்றாக உட்காருவது இரவில், ஒற்றை விளக்கின் கீழ். அப்போதுதான் கமராவை எடுக்கவே தோன்றும். திரும்பி வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், முகமெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளி. அதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள்.

இது கமராவின் கோளாறு அல்ல. ஒளி மழைத்துளி மாதிரி விழுகிறது. தூறலில் ஒரே அளவான இரண்டு சட்டிகளை வைத்தால் இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் சேராது; கொட்டும் மழையில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. கமராவுக்குள் ஒளியை வாங்கும் தகடான சென்சாரின் ஒரு புள்ளியில் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால் அது ஏறத்தாழ 10 கூடும், குறையும். பத்தில் ஒரு பங்கு தடுமாற்றம். 10,000 விழுந்தால் தடுமாற்றம் 100தான், நூறில் ஒரு பங்கு. படத்தை வெளிச்சமாக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டும்போது கமராவின் கண் கூர்மையாகிவிடுவதில்லை. சேர்ந்த கொஞ்சத்தைத் தடுமாற்றத்தோடு சேர்த்துப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு கணினியில் வெளிச்சமாக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதில் லாபம் இல்லை. பல கமராக்களில் நட்டம்.

இனி என் கதை.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, அப்பாச்சியை நாற்காலியில் இருத்திப் படம் எடுத்தேன். கரண்ட் போயிருந்தது. அறையின் மூலையில் ஒரு சார்ஜ் விளக்கு. என்னிடம் இருந்தது எஃப் 4 ஜூம் லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், ஒளி கூடும். எஃப் 1.8 லென்ஸைப் பாரம் என்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அது கையில் இருந்திருந்தால் ஐந்து மடங்கு ஒளி கிடைத்திருக்கும். ஐஎஸ்ஓ 12,800, ஷட்டர் திறந்திருந்தது முப்பதில் ஒரு விநாடி. "அம்மா, அசையாதேங்கோ" என்று பெரியப்பா பக்கத்தில் நின்று அதட்ட, தொடர்ச்சியாகப் 12 படம். கமராத் திரையில் அருமையாகத் தெரிந்தது. இருட்டறையில் எந்தத் திரையும் அருமையாகத்தான் தெரியும். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்திருந்தால் வரைபடம் முழுக்க இடது ஓரத்தில், அதாவது இருட்டுப் பக்கத்தில், ஒட்டிக் கிடந்தது புரிந்திருக்கும். பார்க்கவில்லை.

வந்து சேர்ந்த மூன்றாம் நாளே பெரியப்பாவின் அழைப்பு. முன் அறைச் சுவரில் மாட்ட வேண்டும், இரண்டடிக்கு மூன்றடி, முகம் தெளிவாக. "உன்னட்டத்தானே பெரிய கமரா இருக்கு." அவர் சும்மா சொன்னாரோ குத்திச் சொன்னாரோ, எனக்குக் குத்தியது.

முதலில் கமரா தானே பதப்படுத்தித் தந்த ஜேபெக் படத்தைச் செயலியில் அப்படியே அனுப்பினேன். செயலி படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கோப்பாக இணைத்தால் சுருங்காது என்று எனக்குத் தெரியும், அவசரத்தில் செய்யவில்லை. "முகத்தில ஏன் மண் கொட்டியிருக்கு?" என்றார். சரி, நாய்ஸை நீக்கலாம் என்று உட்கார்ந்தேன். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். நாய்ஸ் இரண்டு வகை. சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வருவது நிற நாய்ஸ். அதைத் தாராளமாகத் துடைக்கலாம், முகத்துக்குச் சேதமில்லை. வெறும் வெளிச்ச வித்தியாசமாக மணல் போல் நிற்பது இன்னொன்று. அதைத் துடைக்கத் துடைக்கச் சுருக்கம், இமைமுடி, துணியின் இழை எல்லாம் கூடவே போகும். நான் இரண்டையும் நீக்கும் அளவைக் கடைசிவரை இழுத்துவிட்டேன். அப்பாச்சி மெழுகுப் பொம்மையானார்.

அப்புறம் செயற்கை நுண்ணறிவால் நாய்ஸ் நீக்கும் மென்பொருள். கமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பைக் கொடுத்தேன். வந்த படத்தைப் பார்த்து நானே மலைத்துப்போய் உடனே அனுப்பினேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது ஆர்?" என்றார். "அம்மாவின்ர மரு எங்க?"

தாடையின் இடப்பக்கம் ஒரு சிறிய மரு. மென்பொருள் அதையும் புள்ளி என்று நினைத்துத் துடைத்திருந்தது. அது துடைத்ததைவிட, அது போனதை நான் கவனிக்காததுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த மடியில் தூங்கி வளர்ந்தவன் நான். அதனால் சொல்கிறேன்: இந்தக் கருவிகள் இல்லாததை ஊகித்து நிரப்புகின்றன. பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் ஒரு முகத்தையும் நம்பி அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நாய்ஸ் நீக்கும் பலத்தைப் பாதிக்குக் கீழே வையுங்கள், கொஞ்சம் மணல் இருக்கட்டும். கணினித் திரையில் அப்பட்டமாகத் தெரியும் மணல், அச்சில், அதுவும் சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும்போது, பெரும்பாலும் அடங்கிவிடும். கறுப்பு வெள்ளையாக்கினால் நிற நாய்ஸ் என்ற பேச்சே இல்லை. ஆனால் பெரியப்பா கறுப்பு வெள்ளைக்கு ஒப்பவில்லை.

கடைசியில் உதவியது அந்தத் தொடர் படங்கள்தான். ஒரே காட்சியின் பல படங்களை அடுக்கிப் பொருத்திச் சராசரி எடுத்தால், முகம் இருந்த இடத்தில் இருக்கும்; புள்ளி மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் விழுந்திருப்பதால் ஒன்றையொன்று தேய்த்துவிடும். 4 படத்தில் நாய்ஸ் பாதியாகும், 9 படத்தில் மூன்றில் ஒன்றாகும். படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் லேயர் வசதி உள்ள எந்த இலவச மென்பொருளிலும் செய்யலாம்: கீழிருந்து மேலாக ஒளிபுகாத் தன்மையை 100, 50, 33, 25 சதவீதம் என்று குறைத்துக்கொண்டே போங்கள். போன்களின் இரவு மோடும் இந்த வேலையைத்தான் உள்ளே செய்கிறது. ஆள் அசையாமல் இருந்தால் மட்டும் பலன். அசைந்தால் இரண்டு மூக்கு.

12 படம் எடுத்தேன் என்றேனா? விமான நிலையத்தில் காத்திருந்தபோது, எல்லாம் ஒரே மாதிரிதானே என்று 8ஐ அழித்துவிட்டிருந்தேன். மிஞ்சியது 4. ஒரே மாதிரிப் படங்களை அழிக்காதீர்கள். இன்னொரு மெமரி கார்டு வாங்குங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கை இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் ஒளி நான்கு மடங்கு; ஐஎஸ்ஓ 12,800 என்பது 3,200 ஆகிவிடும், ஒரு செலவும் இல்லை. அன்று நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். ரா கோப்பாக எடுங்கள். நாய்ஸா, அசைந்து கலங்கிய படமா என்றால் நாய்ஸையே தேர்ந்தெடுங்கள். கலங்கலுக்கு நல்ல மருந்து இல்லை. மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்ததை வெள்ளையாக்கப் பாடுபட்டால் நீல நிறத்தை அதிகம் பெருக்க வேண்டிவரும், நாய்ஸும் அங்கிருந்தே கிளம்பும். கொஞ்சம் மஞ்சளாகவே விடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள நாட்டிலிருந்து 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்குப் போகிறவர்கள், டியூப்லைட்டின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் அது நாய்ஸ் என்று நினைத்துத் துடைக்க வேண்டாம். அந்த விளக்கு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்தால் பட்டை போய்விடும்.

நான்கு படங்களை அடுக்கியதில் மரு திரும்பி வந்தது. பெரியப்பாவுக்கு அனுப்பினேன். "பரவாயில்லை, நீ கஷ்டப்படாதே, சுவரில மாட்டியாச்சு" என்றார். சித்தப்பாவின் மகள் தன் பழைய போனில் எடுத்திருந்த படமாம். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். யன்னலோரம், வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாச்சி. மரு தெரிகிறது, ஒரு புள்ளி மணல் இல்லை. கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தேன்: ஐஎஸ்ஓ 50. எடுத்த நாள், நான் அங்கே இருந்த இரண்டாம் வாரம். நேரம் காலை 10.14. நான் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.