ரத்தத்துல எண்டோடாக்சின் பார்க்கறப்போ சென்சார் மேலயே பழி போடாதீங்க

கடலூர்ல ரத்தம் எடுத்து பஸ்ல புதுச்சேரி லேபுக்கு கொண்டு வந்து எண்டோடாக்சின் சென்சார்ல ஓட்டிப் பார்த்துட்டு, "அண்ணா, ஒரே சாம்பிள், ரெண்டு தடவை ரெண்டு ரீடிங்"னு ப்ராஜெக்ட் பசங்க வந்து நிப்பாங்க. சென்சாரோட எலக்ட்ரோடு வேஸ்ட்னு தூக்கிப் போட்டுடுவாங்க. முக்கால்வாசி நேரம் தப்பு டியூப்லயே ஆரம்பிச்சிருக்கும்.

ஆட்டோகிளேவ் பண்ணியாச்சு, க்ளீன்தானேன்னு நினைக்கிறது முதல் தப்பு. 121 டிகிரில பாக்டீரியா செத்துடும், ஆனா கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவோட வெளிச்சுவர்ல இருக்குற எல்பிஎஸ், அதாவது எண்டோடாக்சின், அப்படியேதான் இருக்கும். கண்ணாடி சாமானை 250 டிகிரி உலர் சூட்டுல அரை மணி நேரம் வைக்கணும். பிளாஸ்டிக் அதை தாங்காது, அதனால பைரோஜன், அதாவது எண்டோடாக்சின் மாதிரி காய்ச்சல் வரவைக்குற பொருள், இல்லாததுன்னு சீல் போட்டு வர்றதையே வாங்குங்க. கேன்ல நாலு நாளா கிடக்குற டிஸ்டில்டு வாட்டரை தொடவே தொடாதீங்க, தண்ணிலயே வளர்ற கிராம் நெகட்டிவ் கிருமி நிறைய இருக்கு.

இப்போ பெரிய தப்புக்கு வர்றேன். பஃபர்ல, அதாவது புரதம் எதுவும் இல்லாத சுத்தமான உப்புக் கரைசல்ல, தெரிஞ்ச அளவுகளை வச்சு காலிப்ரேஷன் போட்டு கோடு நேரா வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டு அதே கோட்டை வச்சு ரத்தத்தை அளக்குறாங்க. ஒரு லிட்டர் ரத்த சீரத்துல ஆல்புமின் மட்டுமே 35லேர்ந்து 50 கிராம் இருக்கும், நாம தேடுறது ஒரு மில்லில சில பிகோகிராம், தீபாவளிக்கு முந்தின நாள் நேரு வீதில ஒரே ஒரு ஆளைத் தேடுற கதைதான். அந்த புரதம் தங்க எலக்ட்ரோடு மேல போய் ஒட்டிக்கிட்டா இல்லாத சிக்னல் வரும், அதே புரதம் எல்பிஎஸ்ஸை கட்டிப் பிடிச்சு மறைச்சா இருக்குற சிக்னலும் போயிடும். ரெண்டும் ஒரே சாம்பிள்ல நடக்கலாம்! அதனால பிளாஸ்மாவை (ரத்த அணுக்களை பிரிச்சதும் மிஞ்சுற திரவம்) நீர்க்க வச்சு, 70-75 டிகிரில பத்து நிமிஷம் சூடு பண்ணி, அதே பிளாஸ்மால தெரிஞ்ச அளவு எண்டோடாக்சின் கலந்து எவ்வளவு திரும்பக் கிடைக்குதுன்னு பாருங்க. மருந்து டெஸ்ட்ல 50லேர்ந்து 200 சதவீதம் வரைக்கும் ஏத்துக்குறாங்க. இந்த ஸ்பைக் பண்ணாத ரீடிங்கை நான் நம்ப மாட்டேன்.

கைக்கு கிடைச்ச ஊதா மூடி டியூபை எடுத்துடாதீங்க. அதுல ரத்தம் உறையாம இருக்க போட்டிருக்குற இடிடிஏ கால்சியம், மெக்னீசியத்தை பிடிச்சு வச்சுக்கும், குதிரைலாட நண்டு ரத்தத்துல செய்யுற எல்ஏஎல்ங்கிற எண்டோடாக்சின் டெஸ்ட் மாதிரி என்சைம் முறைக்கு அது ஆகாது. உறையாம தடுக்க ஹெப்பாரின் போட்ட டியூப் எடுக்கலாம், ஆனா அந்த ஹெப்பாரின்லயே எண்டோடாக்சின் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். காஸ் துணி, செல்லுலோஸ் ஃபில்டர்லேர்ந்து வர்ற பீட்டா குளுக்கானும் எல்ஏஎல்ல பொய் பாசிட்டிவ் காட்டும்.

எனக்கு ரொம்ப பயமா இருக்குறது ஒண்ணு. எண்டோடாக்சின் நெகட்டிவ்னா தொற்றே இல்லைன்னு யாரும் எழுதிடக் கூடாது, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரி கிராம் பாசிட்டிவ் கிருமிக்கு எல்பிஎஸ்ஸே கிடையாது, அதோட விஷம் வேற, அதைப் பிடிக்குற சென்சாரும் வேற. ரத்தத்துல இருக்குற கிருமியை வளர்த்துப் பார்க்குற ப்ளட் கல்ச்சரை விட்டுடாதீங்க. அப்புறம் ஆன்டிபயாட்டிக் எப்போ போட்டாங்கன்னு கேட்டு டியூப்லயே நேரத்தை எழுதுங்க, கிருமி செத்து உடையறப்போ கொஞ்ச நேரம் எண்டோடாக்சின் ஏறும்.