‘பீட் ரிப்பீட்’ குமிழ்களைப் பயன்படுத்தும் முறை

ஏபிள்டன் லைவ் என்ற இசையமைப்பு மென்பொருளில் உள்ள ‘பீட் ரிப்பீட்’, ஓடிக்கொண்டிருக்கும் ஒலியிலிருந்து ஒரு சிறு துண்டைப் பிடித்து அதையே அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யும் எஃபெக்ட் ஆகும். புதிதாகப் பயன்படுத்துபவர்கள் எல்லாக் குமிழ்களையும் ஒரே மூச்சில் திருகிவிட்டு, எது எதை மாற்றியது என்று தெரியாமல் கைவிடுவதுண்டு. இதற்குக் காரணம், இதன் இரண்டு குமிழ்கள் தற்செயலைக் கொண்டே இயங்குவதுதான். ஆகவே ஓர் எளிய டிரம் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு) 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 பீட்) ஓடவிட்டு, அந்த இரண்டில், துண்டு பிடிக்கப்படும் வாய்ப்பைக் குறிக்கும் சான்ஸை 100 விழுக்காட்டிலும், துண்டின் அளவைத் தற்செயலாக மாற்றும் வேரியேஷனை 0-விலும் நிறுத்திய பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.

துண்டு எப்போது பிடிக்கப்பட வேண்டும் என்பதை இன்டர்வலும் ஆஃப்செட்டும் தீர்மானிக்கின்றன. இன்டர்வலை ஒரு பார் (இங்கே நான்கு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்று) என வைத்தால் ஒவ்வொரு பாரிலும் ஒருமுறை பிடிக்கும். ஆஃப்செட்டை 12/16 (பாரின் பதினாறு பங்குகளில் பன்னிரண்டு) என வைத்தால் அந்தப் பிடிப்பு நான்காவது பீட்டுக்குத் தள்ளிப்போகும். அந்த இடத்தில் ஸ்னேர் டிரம்மின் அடி விழுந்தால் ஸ்னேரும், வெறுமை இருந்தால் வெறுமையும் திரும்ப ஒலிக்கும் என்பதால், எஃபெக்ட் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் முதலில் ஆஃப்செட்டை நகர்த்திப் பாருங்கள்.

அதிகம் குழப்புவது கேட், கிரிட் ஆகிய இரண்டும்தான். கிரிட் என்பது ஒரு துண்டின் நீளம். கேட் என்பது திரும்ப ஒலிக்கும் பகுதி முழுவதன் நீளம். கேட் 4/16 ஆகவும் கிரிட் 1/16 ஆகவும் இருந்தால், ஒரு பீட்டுக்குள் அந்தத் துண்டு நான்கு முறை கேட்கும். கிரிட்டை 1/32 ஆக்கினால் எட்டு முறை கேட்கும். 120 டெம்போவில் 1/16 என்பது 125 மில்லிநொடி, 1/32 என்பது 62.5 மில்லிநொடி. துண்டு இன்னும் சிறிதாகும்போது தாளம் கரைந்து ரீங்காரமாக மாறத் தொடங்கும். மூன்றாகப் பிரியும் அளவுகள் வேண்டாமென்றால் ‘நோ டிரிப்லெட்ஸ்’ பொத்தானை அழுத்திவிடலாம்.

மூல ஒலியை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. மிக்ஸ், மூல ஒலியின் மேலேயே திரும்பல்களைச் சேர்க்கிறது. இன்சர்ட், திரும்பல் ஒலிக்கும் நேரத்தில் மட்டும் மூலத்தை அடக்குகிறது. டிரம்ஸுக்கு இதுவே பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கேட், மூலத்தை ஒருபோதும் வெளிவிடாததால் ரிட்டர்ன் டிராக்குக்கு (மற்ற டிராக்குகளின் ஒலியை அனுப்பி எஃபெக்ட் சேர்க்கும் தனி டிராக்) பொருந்தும். இந்தக் கேட்டுக்கும் மேலே சொன்ன கேட் குமிழுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை.

பிட்ச் திரும்பல்களின் சுருதியை இறக்குகிறது. பிட்ச் டிகே ஒவ்வொரு திரும்பலையும் முந்தையதைவிடக் கீழே கொண்டுபோகிறது. டிகே ஒலியளவைப் படிப்படியாகக் குறைக்கிறது. பிட்ச் டிகேயைச் சற்று அதிகமாகக் கூட்டினாலும் காதில் உறுத்தும் என்பதால் சிறிதளவே போதும்.

இவை கைவசமான பின்னர் சான்ஸை 30 விழுக்காடு அளவுக்கு இறக்கி, இன்டர்வலைச் சுருக்கினால், எஃபெக்ட் எதிர்பாராத இடங்களில் நுழையும். வேரியேஷனைக் கூட்டும்போது துண்டின் அளவு கிரிட்டைச் சுற்றி ஏறி இறங்கும். ‘டிரிக்கர்’ முறையில் இந்த மாற்றம் திரும்பல் தொடங்கும்போது நிகழும். ‘ஆட்டோ’ முறையில் ஒவ்வொரு திரும்பலுக்குப் பின்னும் நிகழும் என்பதால் அது விரைவில் அலுப்பூட்டும்.

மேடையில் வாசிப்பவர்கள் தற்செயலை நம்பாமல் ‘ரிப்பீட்’ பொத்தானை ஒரு மிடி பேடுக்கு (கணினியுடன் இணைத்த கருவியில் விரலால் தட்டும் பட்டை) ஒதுக்கிக்கொள்வது நல்லது. அது இன்டர்வல், ஆஃப்செட், சான்ஸ், கேட் ஆகிய நான்கையும் புறக்கணித்து உடனே பிடித்து, அணைக்கும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். அப்போது கிரிட்டை 1/8-லிருந்து 1/32 வரை திருகினால் இறுக்கம் ஏறும்.

தற்செயலாக அமைந்த ஒரு நல்ல திரும்பல் மறுமுறை அப்படியே வராது. ஆகவே புதிய ஆடியோ டிராக் ஒன்றில் ‘ஆடியோ ஃப்ரம்’ என்ற இடத்தில் லைவின் வெளியீட்டையே பதிவுசெய்யும் ‘ரீசாம்ப்ளிங்’கைத் தேர்ந்து, சில நிமிடங்கள் பதிவுசெய்து, பிடித்த பார்களை மட்டும் வெட்டி எடுத்துப் பாடலில் பொருத்துங்கள்.