மூன்சாமி ஆன முனுசாமி

என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் இருந்த தகவல் அவ்வளவுதான்.

1860 முதல் 1911 வரை அங்கே போகக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 1,52,000 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அங்க அடையாளம்கூட உண்டு. நான் பெயரை வைத்தே தேடி ஒரு மாதத்தை வீணாக்கினேன். காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தாக்களின் கைவண்ணம்: முனுசாமி, மூன்சாமி, முனிசாமி, எது வேண்டும்?

அப்புறம் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தேன். வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா என்று வடிகட்டி, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். கண்ணுக்குப் புரியாத எழுத்துக்கூட்டல் காதுக்குப் புரிந்தது. எங்கள் ஊர்தான், நடுவில் ஓரெழுத்து காணோம். அதே வரியில் ஒரு மூன்சாமி, வயது 22, இடது புருவத்தில் தழும்பு.

சரி, இவர்தானா? பரணில் கிடந்த பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 'இன்னார் குமாரர்' என்று கொள்ளுத்தாத்தாவுக்குப் போட்டிருந்த தகப்பன் பெயரும் பட்டியலில் இருந்ததும் ஒன்றே. இப்போது கப்பல் பட்டியலில் அவருக்கு இருந்த எண்ணை வைத்துத் திருமணப் பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.