டகோட்டாவும் ஹார்வர்டும் பறக்கும்போது பார்ப்பதும் படமெடுப்பதும் எப்படி?

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. பலரும் ரஃபேல், சுகோய் ஜெட்களைப் பார்க்கப் போனார்கள். நான் போனது டகோட்டா என்ற பழைய இரட்டை எஞ்சின் ப்ரொப்பெல்லர் விமானத்துக்காக. பார்த்தேன், நிறைய படமும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், எல்லாப் படத்திலும் இரண்டு ப்ரொப்பெல்லரும் அசையாமல் நிற்கின்றன. எஞ்சின் அணைந்துபோய் வானத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது. அதைச் சரிசெய்ய நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. கேமராவில் எஸ் மோட் (ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறோம்?

விமானப்படையிடம் பறக்கும் நிலையில் உள்ள இந்த டகோட்டாவின் எண் விபி905, பெயர் பரசுராமா. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு 2018-ல் இந்தியா வந்தது. அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் விமானப்படைக்குக் கொடுத்த பரிசு அது. அவருடைய அப்பா டகோட்டா ஓட்டிய விமானி. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை டகோட்டாக்கள்தான். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, அங்குள்ள டாங்காயிலில் பாராசூட் வீரர்களை இறக்கியதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. இதைப் படித்துவிட்டுப் போனால், அந்த விமானம் தலைக்கு மேல் வரும்போது பார்க்கிற பார்வையே வேறு.

ஹார்வர்டும் ப்ரொப்பெல்லர் விமானம்தான், பயிற்சிக்கானது. ஒற்றை எஞ்சின், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை.

படி 2: ஒத்திகை நாளில் போங்கள்

முக்கிய நாளுக்கு முன்னால் ஒத்திகை பறத்தல்கள் இருக்கும். செய்தித்தாளில் வரும். கூட்டம் குறைவு, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு தாழ்வாக வருகிறது என்பதும் தெரிந்துவிடும். அடுத்த முறை எங்கே நடந்தாலும் எனக்கு ஒத்திகை நாள்தான்.

முக்கிய நாளில்தான் போக முடியும் என்றால் வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று மெரினாவுக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம், தொப்பி கட்டாயம். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிப்போக வேண்டாம். முடிந்தவுடன் எல்லோரோடும் ரயில் நிலையத்துக்கு ஓடாமல், நிழலான இடமாகப் பார்த்து ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 3: நிற்கும் இடம்

மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால் முகம் கிழக்கே. அக்டோபரில் காலை 11 மணிக்குச் சூரியன் நல்ல உயரத்தில், வலப்பக்கம் முன்னால் இருக்கும். அதனால் விமானம் உங்களுக்கு இடப்பக்கம், அதாவது துறைமுகத் திசையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தெற்கே போய்விட்டால் வெறும் கறுப்பு உருவம்தான் கிடைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள்.

ஜெட் நம்மைக் கடந்த பிறகுதான் சத்தம் காதைப் பிளக்கும். டகோட்டா மணிக்கு 250 கிலோமீட்டர் சொச்சத்தில்தான் வரும். அது வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்து சேர்ந்துவிடும். ஆனால் மெரினாவில் அலைச் சத்தம், ஒலிபெருக்கி, கூட்டம். காதை நம்ப முடியாது. அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பைனாகுலர் என்றால் 8×42 போதும். 20 மடங்கு ஜூம் உள்ளதை வாங்கவே வாங்காதீர்கள். கை நடுக்கத்தில் விமானத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது.

படி 4: ப்ரொப்பெல்லர்

நான் சறுக்கியது இங்கேதான். ஜெட்டுக்கு வைத்த 1/2000 ஷட்டர் ஸ்பீடிலேயே டகோட்டாவையும் எடுத்துவிட்டேன். பறக்கும்போது டகோட்டாவின் ப்ரொப்பெல்லர் நொடிக்கு ஏறக்குறைய 20 சுற்று சுற்றும். 1/2000 நொடியில் ஒரு சுற்றில் நூறில் ஒரு பங்குதான் நகரும். அப்படியே உறைந்து போகும். 1/200 வைத்தால் பத்தில் ஒரு பங்கு நகரும். அந்த மங்கலில்தான் விமானம் பறப்பதே தெரியும்.

அமைப்பு இது: எஸ் மோட், 1/200, ஐஎஸ்ஓ 100. நடுப்பகல் வெயிலில் கேமரா தானாகவே எஃப்/11 பக்கம் போய்க்கொள்ளும். 300 எம்எம் லென்ஸ் போதும். 600-ஐத் தூக்கிக்கொண்டு போனால் 1/200-ல் கை ஆட்டம் படத்தைக் கெடுத்துவிடும்.

1/200-ல் விமானமும் மங்காமல் இருக்க, அதன் வேகத்துக்கே கேமராவைத் திருப்ப வேண்டும். இது ஒரே நாளில் வராது. நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன். வீட்டு டேபிள் ஃபேனை முழு வேகத்தில் ஓட விடுங்கள். அதுவும் நொடிக்கு 20 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஓடும், மூன்று றெக்கை என்றால் அதிலும் டகோட்டா மாதிரியேதான். 1/2000, 1/500, 1/200, 1/100 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். எது எப்படி வரும் என்று கண்ணுக்கே புரிந்துவிடும். அப்புறம் சாலையோரம் நின்று பேருந்துகளை 1/200-ல் எடுங்கள்: இடுப்பைத் திருப்ப வேண்டும், கையை அல்ல, பட்டனை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. மூன்று வாரம் கழித்து மீனம்பாக்கத்தில் இறங்க வந்த ஏடிஆர் என்ற ப்ரொப்பெல்லர் பயணிகள் விமானம் ஒன்றை எடுத்தேன். ப்ரொப்பெல்லர் வட்டமாக மங்கி, ஜன்னல்கள் கூர்மையாக வந்திருந்தன. அந்தப் படத்தை இன்னும் மொபைல் முகப்பில் வைத்திருக்கிறேன்.

பத்துப் படத்தில் எட்டு வீணாகும். பர்ஸ்ட்டில் (பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக) எடுங்கள்.

சேர்த்தது: மொபைலில் எடுத்தால் றெக்கைகள் வாழைப்பழம் மாதிரி வளைந்து வருவதாகப் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். மொபைல் சென்சார் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. அது முடிவதற்குள் றெக்கை நகர்ந்துவிடுகிறது. மொபைலில் அப்பர்ச்சரைச் சுருக்கவும் முடியாது, அதனால் வெயிலில் ஷட்டர் தானாகவே 1/2000-ஐத் தாண்டிப் போய்விடும். கிளிப்பில் மாட்டும் என்டி32 ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டு, ப்ரோ மோடில் 1/200 வையுங்கள். வளைவு முழுதாகப் போகாது, மங்கலில் கரைந்துவிடும்.

இன்னொன்று: டேபிள் ஃபேன் படங்கள் இருட்டாக, கோடு கோடாக வருகின்றன என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அது எல்இடி விளக்கின் சிமிட்டல். ஃபேனைப் பகலில் பால்கனிக்குக் கொண்டுபோய் வைத்து எடுங்கள், சரியாகிவிடும்.