பச்சையாகவே நின்றுவிடும் அத்திக் காய்கள்: என் அனுபவம்

குளிர் அதிகமான இடத்தில் தொட்டியில் சீமை அத்தி வளர்க்கிறேன். முதல் 3 வருடம் நிறையக் காய்த்தும் ஒரு பழம்கூடக் கனியவில்லை. கோடையில் புதுக் கிளையில் பிடிக்கும் காய் கனிவதற்குள் குளிர் வந்துவிடும். பறிக்க மனம் வராமல் அப்படியே விட்டுவைத்தேன். அதுதான் தவறு.

இப்போது இலை உதிர்ந்ததும் பட்டாணியைவிடப் பெரிய காய்களை எல்லாம் கிள்ளிவிடுகிறேன். கையுறை அவசியம், காம்பில் வடியும் பால் பட்டால் தோல் எரியும். கிளை நுனியில், பட்டாணி அளவில் ஒட்டியிருக்கும் பிஞ்சுகளை மட்டும் தொடுவதில்லை. அடுத்த கோடையில் பழுப்பவை அவைதான்! கடும் உறைபனியில் அவை கருகிவிடும் என்பதால், குளிர்காலம் முழுக்கத் தொட்டி ஷெட்டுக்குள் இருக்கும். அப்புறம் வெயில் நன்றாக விழும் சுவரோரம். பகலில் சுவர் வாங்கிய சூடு இரவிலும் மரத்துக்குக் கிடைக்கிறது.

போன கோடையில் 11 பழம். பறித்தபின் அத்தி சரியாகக் கனியாது என்பதால் பொறுமையாகக் காத்திருந்தேன். காம்பு தொய்ந்து பழம் தலைகுனிந்தது, தோலில் மெல்லிய கீறல் விழுந்தது, அடியில் உள்ள கண்ணில் தேன்போல ஒரு துளி நின்றது. அன்றுதான் கை வைத்தேன்.